நிறுக்காமல் எழுதிய எடை

மார்ச் 12, வியாழன். சிறு தவறு ஒன்று. பயிற்சிக் கூடத்தில் எடைத் தட்டுகளை மாட்டித் தூக்கும் புது இரும்புப் பாரின் எடையை இருபது கிலோ என்றே எழுதி வந்திருக்கிறேன். நிறுத்துப் பார்க்கவில்லை. சரியான எடை பதினைந்து. மூன்று வாரமாகப் பதினொரு பேரின் கணக்கிலும் ஐந்து கிலோ கூடுதல்.

எழுதி முடித்ததும் ‘சிறு’ என்ற சொல்லை அடித்தாள் சின்னவள். கொஞ்சம் யோசித்து, அதன் தலைமேல் மறுபடி எழுதினாள். பிறகு அதையும் அடித்தாள்.

மாலை வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் ‘சந்தேகம்’. பகலில் அவள் பார்க்கும் உத்தியோகமே சந்தேகப்படுவதுதான். கடை கடையாகப் போய், பெட்டியில் கொண்டுபோகும் எடைக்கற்களைத் தராசில் வைத்துப் பார்த்து, சரியென்றால் முத்திரை குத்துவாள். ஐந்து கிராம் குறைந்தாலும் கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் தராசை மூடி வைக்கச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் கையில் கூடத்துப் பதிவேட்டைக் கொடுத்தார் பயிற்சி தரும் மாஸ்டர். யார் எந்த நாளில் எத்தனை கிலோ தூக்கினார்கள் என்று எழுதுவதும், ஒவ்வொருவரின் உச்ச எடையைச் சுவர்ப் பலகையில் மாற்றுவதும் அவள் பொறுப்பு.

மூன்று வாரத்துக்கு முன் பழைய பார் நடுவில் வளைந்துபோய், பட்டறைக்குப் போயிற்று. வேறொரு கூடத்திலிருந்து இந்தப் பார் இரவலாக வந்தது. பார்வைக்கு அதே மாதிரி. தண்டு மட்டும் ஒரு மயிரிழை மெல்லியது. “பிடி நல்லா உக்காருது மாஸ்டர்” என்று எல்லோரும் மெச்சினார்கள். “இதுவும் இருபதுதானே மாஸ்டர்?” என்று அவள் கேட்டாள். மாஸ்டருக்குப் பகலில் லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. “பாருன்னா இருபதும்மா. நாள் பூரா ஊரையே நான் மேலே தூக்கிக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, இருபது என்று எழுதினாள்.

காட்டிக் கொடுத்தது அவளுடைய சொந்த எண்தான். எழுபதுக்கு மேல் ஆறு மாதமாக நகராதவள், தூக்கம் கெட்ட ஒரு வாரத்தில் எழுபத்தைந்தைத் தரையிலிருந்து இடுப்புவரை சுலபமாகத் தூக்கி நின்றாள். மற்றவர்களுக்கு எண் கூடினால் மனம் குளிரும். அவளுக்குச் சந்தேகம்தான் வந்தது. எனக்கு இவ்வளவு வராதே என்று நினைத்தாள். வீட்டில் ஆள் ஏறி நின்று பார்க்கும் எடைக் கருவியை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், இருபது கிலோ கற்களை அடுக்கி, அது ஒழுங்காகக் காட்டுகிறதா என்று முதலில் பார்த்தாள். வியாழக்கிழமை வகுப்பு முடிந்து ஆட்கள் கிளம்பியதும் அதைக் கூடத்துத் தரையில் வைத்து ஏறினாள். ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு. பாரைக் கையில் ஏந்தி ஏறினாள். எழுபத்துமூன்று புள்ளி நான்கு. இறங்கி ஏறி, இறங்கி ஏறி, மூன்று முறை பார்த்தாள். எண் அசையவில்லை.

பத்துப் பேருக்கு இது ஒரு நாள் பேச்சு. கிண்டலடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். பதினோராவது ஆள் அவளுடைய அக்கா.

அக்காவுக்கு ரொட்டி சுடும் பேக்கரியில் வேலை. ஐம்பது கிலோ மாவு மூட்டையை ஆண்களுக்குச் சமமாக இறக்கியவள். பதினான்கு மாதத்துக்கு முன் வயிற்றில் கட்டி என்றார்கள். அறுவை செய்து எடுத்தார்கள். பத்தொன்பது நாள் அத்தான் மருத்துவமனை நாற்காலியிலேயே கிடந்தார். திரும்பி வேலைக்குப் போனபோது அக்காவைக் கல்லாப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து, இனி எடை தூக்கலாம் என்று டாக்டர் தலையாட்டினார். அக்கா வெறும் பாரிலிருந்து மறுபடி தொடங்கினாள். டாக்டர் ஒத்துக்கொண்டாலும் அத்தானின் பயம் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள்.

“நோவுக்கு முன்னாடி நூறு தூக்கினே இல்ல? அந்த நூறு திரும்ப வந்தா நான் வாயே திறக்க மாட்டேன். இந்தப் போட்டிக்குள்ள வரலேன்னா, இதோட விட்டுடணும்.”

“சரி” என்றாள் அக்கா. அவள் சரி என்றால் சரிதான்.

எடை தூக்கும் போட்டி வரும் ஞாயிறு. போன செவ்வாய்க்கிழமை, கதவோரம் அத்தான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, அக்கா நூறைத் தூக்கினாள். சின்னவள்தான் பலகையில் எழுதினாள். வீட்டுக்குப் போனதும் அத்தான் பரணில் ஏறி, பதினான்கு மாதத் தூசியைத் தட்டி, எடை தூக்கும்போது அக்கா இடுப்பில் கட்டும் தோல் பெல்ட்டை எடுத்து ஆணியில் மாட்டினார்.

அந்த நூறு இப்போது தொண்ணூற்றைந்து.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போகும்போது சின்னவளின் பையில் ஒரு சீட்டு இருந்தது. போட்டியில் முதலில் எத்தனை கிலோவில் தொடங்குவது என்று அதில் எழுதி, சனிக்கிழமை மதியத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. எழுதிய எடையைக் கூட்டலாம், குறைக்க முடியாது. மூன்றும் தவறினால் பெயருக்கு நேரே எதுவும் இருக்காது. அக்காவின் திட்டப்படி தொடக்கம் தொண்ணூற்றைந்து. இப்போதைக்கு அவள் உடம்பின் எல்லையே அதுதான்.

பஸ்ஸில் உட்கார்ந்து சீட்டில் தொண்ணூறு என்று எழுதினாள். பேசாமல் இப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை நூறு வரவில்லை என்றால் பதற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். பெல்ட் ஆணியிலேயே தொங்கும். யாரும் பாரை நிறுக்கப் போவதில்லை.

“வாடி சந்தேகம். செருப்பைக் கழட்டுறதுக்குமா யோசனை?” அக்கா அடுக்களையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அத்தான் பல் செட்டு ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். பல் மருத்துவர்களுக்குச் செட்டு செய்து கொடுப்பது அவர் தொழில். ராவும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

அக்கா ஈரக் கையோடு சீட்டை வாங்கிப் பார்த்தாள். “இதென்ன தொண்ணூறு? பலகையிலே எழுதினவளே நீதான். கை தவறிடுச்சா?”

“இல்லக்கா.”

“பின்னே? தொண்ணூறு எனக்கு ஊதித் தள்ளுற எடைடி. மத்தவங்க சிரிப்பாங்க.”

முதல் வாய்ப்பு சுலபமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சின்னவள் அக்காவின் கைகளைப் பார்த்தாள். உள்ளங்கையில் நான்கு காய்ப்புகள். இந்த இரண்டு மாதத்தில் வந்தவை.

“அக்கா, அந்தப் பார் இருபது இல்ல. பதினஞ்சு. நேத்துதான் நிறுத்தேன்.”

துணி தட்டிலேயே நின்றது. “அப்படின்னா?”

“செவ்வாய்க்கிழமை நீ தூக்கினது தொண்ணூத்தஞ்சு.”

ராவும் சத்தமும் நின்றுவிட்டது.

“ஊரு தராசையெல்லாம் நிறுக்கிறவ நீ” என்றாள் அக்கா மெதுவாக. “கடைக்காரன் அஞ்சு கிராம் குறைச்சா விடமாட்டே. எனக்கு அஞ்சு கிலோ கூட்டி எழுதிட்டியே. அந்த மனுஷன் பரண்லேருந்து இறங்கும்போது ஏணியிலே நின்னு அழுதாருடி.”

“தப்புதான்க்கா. கேட்டேன், சிரிச்சாங்க. அதோட விட்டுட்டேன்.”

“அப்போ பழைய நூறு? அதுவும் இப்படித்தானா?”

“அது பழைய பார். பட்டறைக்குப் போய் அதையும் இன்னைக்கு நிறுத்தேன். இருபது. அந்த நூறு நூறுதான்.”

அக்கா தலையை ஆட்டினாள். தட்டை அலமாரியில் வைத்தாள். அத்தான் விரல்களில் வெள்ளைத் தூளோடு வாசலில் வந்து நின்றிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை.

“கேட்டுச்சா? தொண்ணூத்தஞ்சுதானாம். பேச்சுன்னா பேச்சு. பெல்ட்டை எடுத்து மேலே வச்சுடுங்க.”

அவர் ஆணியைப் பார்த்தார். கைத்தூளை வேட்டியில் துடைத்தார்.

“போட்டிக்குள்ளேன்னு சொன்னேன். போட்டி ஞாயித்துக்கிழமைதானே. இன்னும் நாள் இருக்கு.” பிறகு சின்னவளைப் பார்த்தார். “ஒரு செட்டு அரை மில்லி பிசகினா அந்த ஆளு சோறு திங்க முடியாதும்மா. நீ சொன்னது சரி. ஆனா என் மனசைக் கேட்டா, இவ தூக்க வேண்டாம்னுதான் இப்பவும் சொல்லும். அதையும் மறைக்க மாட்டேன்.”

“அதான் ஊருக்கே தெரியுமே” என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. அவள் வலது கை, தெரியாமலே, வயிற்றுத் தழும்பின் மேல் போய் நின்றது. “தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு, நூறு. மூணு வாய்ப்பு. மூணாவதுதான் எனக்கு வேணும். வரலேன்னா கல்லாவிலேயே உக்காந்துக்கிறேன்.”

சின்னவள் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். ஆறுதலாக எதையாவது சொல்ல வாயெடுத்தாள். எதுவும் நிறுத்துப் பார்த்த சொல்லாக வரவில்லை.

அக்காதான் சட்டென்று நிமிர்ந்தாள். “ஏய், தட்டையெல்லாம் நிறுத்தியா?”

“எந்தத் தட்டு?”

“பார்ல மாட்டுறோமே, அந்த இரும்புத் தட்டுங்கடி. இருபத்தஞ்சுன்னு பொறிச்சிருந்தா இருபத்தஞ்சா இருக்கணுமா? பாரைப் பார்த்தவ தட்டை விட்டுட்டே பாரு.”

சின்னவளுக்குக் காது சுட்டது. நிறுக்கவில்லை. முதலில் மாஸ்டரின் சொல்லை நம்பினாள், இப்போது பொறித்த எழுத்தை.

“கூடுதலாவும் இருக்கலாம்” என்றார் அத்தான், யாரையும் பார்க்காமல்.

“குறைவாவும் இருக்கலாம்” என்றாள் அக்கா. “எதுவானாலும் நானும் வரேன். நீ ஏறி நில்லு, நான் எடுத்துக் குடுக்கிறேன். எண்ணை என் காதுபடச் சொல்லு.”

பெல்ட் ஆணியிலேயே இருந்தது. அதை யாரும் தொடவில்லை. அடுத்த அறையில் ராவும் சத்தம் மறுபடி தொடங்கிற்று.

மார்ச் 13, வெள்ளி. அக்காவிடம் சொல்லிவிட்டேன். முதலில் மறைக்க நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். சீட்டில் தொண்ணூறு. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

நாளை, சனி, காலை ஏழு மணி. கூடத்துச் சாவியை மாஸ்டரிடம் வாங்க வேண்டும். தட்டுகள் மொத்தம் இருபத்திரண்டு. ஒவ்வொன்றையும் மூன்று முறை நிறுத்து, கூடினாலும் குறைந்தாலும் சுண்ணக்கட்டியால் அதன் மேலேயே எழுத வேண்டும். பிறகு பலகையைத் துடைத்து, பதினொரு பேரின் எண்ணையும் திருத்த வேண்டும். முதலில் அக்காவுடையது.