கதவில் கட்டிய கறுப்புத் துணி

கறுப்புப் பாவாடையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, டிரெய்லர் மேல் ஏறி, குவிந்து கிடந்த திராட்சையின் மீது நனைத்த சாக்குகளைப் போர்த்திக்கொண்டிருந்தாள் விசெந்தா. நேற்று மதியம் இந்த டிரெய்லரை நிரப்பி முடித்த கையோடுதான் அவள் அப்பா பிராவுலியோ மலைத்தோட்டத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இன்று பதினொரு மணிக்குப் பூசை, அப்புறம் அடக்கம்.

கீழே அண்ணன் இலாரியோ டையைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

"இறங்கு விசெந்தா. சனங்க வர்ற நேரத்துல இதென்ன வேல?"

"அடக்கம் முடிஞ்சதும் ஆலைக்குக் கொண்டுபோகணும்ணே. அவங்க பழம் எடுக்குறதுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். விட்டா நாளைக்கு எல்லாம் புளிச்சுப் போயிடும்."

கூட்டுறவு ஒயின் ஆலையின் தலைவர் கோஸ்மே மலர்வளையத்தோடு வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"உங்கப்பாவுக்கு மரியாத பண்ணணும்ல? ஆலைய இன்னைக்கு முழுக்க மூடிட்டோம்மா. கதவுல கறுப்புத் துணி கட்டியாச்சு. கமிட்டியில ஒருத்தர்கூட மறுத்துப் பேசல."

விசெந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோஸ்மே மாதிரிப் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அறுவடை செப்டம்பரிலேயே முடிந்துவிடும். குளிர் தங்கும் அப்பாவின் மேட்டில் பழம் பழுக்க அக்டோபர் ஆகும். அக்டோபர் நடுவில் வரும் பிலார் மாதா திருவிழாவுக்கு ரொம்ப முன்பே கதவைச் சாத்திவிட ஒவ்வொரு வருடமும் அவர்கள் துடிப்பார்கள். ஒவ்வொரு வருடமும் அப்பா கமிட்டியில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டு நாள் வாங்கி வருவார். முப்பது வருடம்! அந்த மனிதர் செத்த மறுநாளே, அவர் பெயரைச் சொல்லியே கதவைச் சாத்திவிட்டார்கள். இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்வது?

"மாமா, உங்க பாட்டில்ல என்ன எழுதியிருக்கு?"

"எந்த பாட்டில்?"

"நாலு யூரோவுக்கு ஊர் ஊரா விக்கிறீங்களே, அது. 'ஆயிரம் மீட்டர் உயரத்தில் விளைந்தது'ன்னு தங்க எழுத்துல போட்டிருக்கீங்கல்ல? அந்த உசரத்துல உங்க தோட்டமா இருக்கு? பேருக்கு மட்டும் அவரு மல வேணும். அவரு பழம் பழுக்குற வரைக்கும் கதவு தொறந்திருக்கக் கூடாதா?"

"இன்னைக்குப் போயி இந்தப் பேச்சாம்மா? ஆளுங்கெல்லாம் துக்கத்துக்கு வந்துட்டாங்க. மெஷின யாரு ஓட்டுவா?"

"நீங்க ஓட்டுங்க. மரியாத பண்ணணும்னு சொன்னீங்கல்ல?"

"மானத்த வாங்காத" என்று இலாரியோ பல்லைக் கடித்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

கல்லறைச் சுவரின் மாடத்துக்குள் சவப்பெட்டியைத் தள்ளி, கொத்தனார் சிமெண்டு பூசி மூடும்வரை நின்றாள். அழுகை வரவில்லை. கோபம் அதற்கு இடம் விடவில்லை. நேராக வீட்டுக்கு நடந்துபோய் டிராக்டரைக் கிளப்பினாள்.

ஆலைக் கதவில் கறுப்புத் துணி அப்படியே தொங்கியது. ஹாரனில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. துக்கத்துக்கு வந்த ஊரே தெருமுனையில் கூடிவிட்டது. கடைசியில் கோஸ்மே தானே வந்து துணியை அவிழ்த்தார், மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்தார், பூட்டைத் திறந்தார். இலாரியோ பளபளத்த ஷூவோடு டிரெய்லரில் ஏறிச் சாக்குகளை உருவிப் போட்டுவிட்டு இறங்கினான்.

கோஸ்மே சாறு உறிஞ்சும் குழாயைப் பழத்துக்குள் இறக்கி, சர்க்கரை அளவைக் குனிந்து பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க மாமா. எல்லாருக்கும் சத்தமாத்தான சொல்வீங்க?"

"பதினஞ்சரை."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"பதினஞ்சரை டிகிரி!" என்று கத்தினார்.

அந்த வருடத்தில் வேறு எவர் பழத்தின் இனிப்பும் பதினான்கைத் தாண்டவில்லை. விசெந்தா டிரெய்லரைச் சாய்க்கும் நெம்புகோலை இழுத்தாள். பழம் மொத்தமும் தொட்டிக்குள் சரிந்து, பலகையில் ஒட்டியிருந்த கடைசி நாலைந்து குலைகளையும் இலாரியோ கையால் வழித்துத் தள்ளும்வரை, அவள் இருக்கையை விட்டு இறங்கவில்லை.