நெட்டையனின் நாலு கம்பி

வாசலில் நிறுத்திய வாத்தியத்தின் தடித்த கம்பியைத் தபன் ஒரு சுண்டு சுண்டியதும் முருகானந்தத்தின் தலைமாட்டில் வைத்திருந்த சொம்புத் தண்ணீர் நடுங்கியது. ஒப்பாரி பாதியில் நின்றது. வாசலில் யாரோ, "என்னாப்பா, இடி இடிக்குது" என்றார். அடுத்தடுத்த கம்பிகளில் சத்தம் தேய்ந்துகொண்டே போய், கடைசி மெல்லிய கம்பி கிணற்றுக்குள் இருந்து பேசுகிறவன் குரல் மாதிரி கேட்டது.

புருசனின் காலடியில் உட்கார்ந்திருந்த பானு எழுந்தாள்.

"எங்க அண்ணி போறீங்க?" நாத்தனார் ஷீலா முந்தானையைப் பிடித்தாள். "நீங்க எந்திரிக்கக் கூடாது."

"அது சரியில்ல ஷீலா. அவரு பேருல இப்பிடி ஒரு சத்தம் தெருவுல போகக் கூடாது."

முந்தானையை உருவிக்கொண்டு வெளியே போனாள்.

முருகானந்தம் பகலில் பம்பு ஹவுஸ் ஆபரேட்டர். சாயந்தரமானால் ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் என்கிற அடிக்குரல் வாத்தியம் வாசிக்கிறவன். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, சுனாமி கொண்டுபோனது போக மிச்சத்தோடு கராச்சர்மாவில் வந்து ஒண்டிய குடும்பம். பக்கத்துத் தீவில், டூரிஸ்ட் வராமல் மூடிப்போன ரிசார்ட் ஒன்றில் சாமான்களை விற்றபோது, வந்தவர்கள் கட்டிலுக்கும் ஃபேனுக்கும் அடித்துக்கொள்ள, இவன் மட்டும் இதைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பலேறினான். எலக்ட்ரிக் அப்ரைட் பேஸ். ஆள் உயரம், வயிறே இல்லாத ஒரு கட்டை, நாலு கம்பி. ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் ஒயரைச் செருகினால்தான் வாய் திறக்கும். கடல் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் ஊதியிருந்தது. "ரெண்டு பேரு படுக்கவே எடமில்ல, மூணாவதா இந்த நெட்டையனா?" என்று பானு கேட்டாள். அந்தப் பேரே அதற்கு நிலைத்துவிட்டது.

கச்சேரி எங்கே என்றாலும் பானு மைதானத்தின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அவன் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுவான். எது தூக்கலாக இருக்கிறது, எது அமுங்குகிறது என்று அவள் கையை ஏற்றி இறக்கிக் காட்டுவாள். நாலும் ஒரே அளவாகக் கேட்கிறவரை பாட்டுக்காரனைக்கூட மைக் பக்கம் விடமாட்டான். அவளுக்கு ராகமும் தெரியாது தாளமும் தெரியாது. காது மட்டும் பாம்புக் காது.

நேற்று பம்பு ஹவுஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பாடை கிளம்பும்போது அவன் வாசிக்கும் மெட்டு ஒன்றை நெட்டையனிலேயே வாசித்து அனுப்புவது என்று ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். வாசிக்கப்போகிறவன் கிதார்க்காரன் தபன். டிக்லிபூர் வங்காளி.

"ஆம்புல எதையாவது திருப்புனியா தபன்?" பானு கேட்டாள்.

"கஸம் ஸே நஹி பாபி! அண்ணா வச்ச எடத்துலயே இருக்கு எல்லாம். சத்தியமா நான் கை வைக்கல."

அவள் நம்பவில்லை. தானே குமிழ்களைக் குனிந்து பார்த்தாள். அவன் ஒட்டியிருந்த வெள்ளை டேப் அடையாளத்திலேயே எல்லாம் நின்றன. அடிக்குரல் குமிழைக் குறைத்துப் பார்த்தாள். இடி அடங்கியது, ஆனால் மெல்லிய கம்பி மேலே வரவில்லை. மேல்குரல் குமிழை ஏற்றினால் கம்பி கீச்சிட்டது. கடைசியில் தானே ஒரு விரலால், ஒரே அழுத்தத்தில், நாலையும் தட்டிக் கேட்டாள். தபன் கையில் குற்றமில்லை. நெட்டையன்தான் கோணலாகப் பேசினான்.

அப்படியானால் இத்தனை வருசம் தான் கேட்டது என்ன?

விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். பெண்கள் விலகி வழி விட்டார்கள். முருகானந்தத்தின் இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டி நெஞ்சின்மேல் வைத்திருந்தார்கள். அவள் வலது கையை மெல்லத் திருப்பினாள். நடுவிரல் நுனியில் புளியங்கொட்டை பருமனுக்குக் காய்ப்பு. எத்தனை ராத்திரி அதில் தேங்காய் எண்ணெய் தடவியிருப்பாள்! "பம்பு வால்வு திருகித் திருகி" என்பான். மெல்லிய கம்பியைத் தோண்டித் தோண்டி இழுத்த விரல் அது. அவள் தூரத்தில் நின்று கை காட்டக் காட்ட, அவன் குமிழைத் தொடவே இல்லை. தடித்ததைத் தடவிவிட்டு, மெல்லியதில் உயிரைக் கொடுத்து, கையாலேயே நிரவியிருக்கிறான்.

"கள்ளன்," என்றாள். "என்கிட்ட சொன்னா என்னா?"

ஷீலா இதை ஒப்பாரி என்று நினைத்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பானுவுக்குக் கண் வறண்டு கிடந்தது. கோபம் கோபமாக வந்தது. அவன் கையை இனி யாரிடம் போய்க் கேட்பது? கட்டையை நேராக்குவதுதான் வழி.

மறுபடி வாசலுக்கு வந்து நெட்டையன் முன்னால் மண்டியிட்டாள். கம்பிகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழேதான் சத்தத்தை வாங்கி ஒயருக்கு அனுப்பும் பட்டை இருக்கிறது. குதிரையின் ஒரு கால் அதில் நன்றாக ஊன்றியிருந்தது. மெல்லிய கம்பிப் பக்கத்துக் காலுக்கு அடியில் நகம் நுழைகிற இடைவெளி. ஊதின மரம் காய்ந்தபோது விட்ட இடைவெளியாக இருக்கும்.

முற்றத்தில் சின்ன மாமனார் பொன்னுத்துரை பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்.

"மாமா, ஒரு சிம்பு சீவித் தாங்க. காகிதம் மாதிரி மெல்லிசா."

அவர் கத்தியை நிறுத்தினார். "பொணத்த உள்ள போட்டுட்டு பொட்டிய நோண்டுற நேரமா புள்ள இது? மானம் கருத்துக்கிட்டு வருது. வெறகு நனஞ்சா என்னா பண்ணுறது?"

"வேல முடிஞ்சதும் தூக்கிரலாம்."

"பாடை மூங்கில வீட்டுச் சாமான்ல சேக்கக் கூடாது. ஆகாது."

"இனிமே என்னா மாமா வரணும் இந்த வீட்டுக்கு?"

பொன்னுத்துரை அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, பச்சை மூங்கிலின் தோல் பக்கமாக ஒரு சிம்பு சீவி, அதன் பிசிறைக் கட்டைவிரலால் நீவிவிட்டுக் கொடுத்தார்.

தபன் கம்பிகளைத் தளர்த்தினான். பானு குதிரையை ஒரு பக்கமாகத் தூக்கிச் சிம்பைச் செருகினாள். முறுக்கித் தட்டினால் மெல்லிய கம்பி கத்தியது. எடுத்து, வாசல்படிச் சிமெண்டில் தேய்த்து, மறுபடி வைத்தாள். இன்னும் கொஞ்சம். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. "புருசன் செத்ததுல புத்தி பெரண்டு போச்சு" என்று ஒரு கிழவி சொன்னது அவள் காதில் விழாமல் இல்லை. மூன்றாவது தடவை தபன் வரிசையாகத் தட்டியபோது நாலு கம்பியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பேசின.

தபன் முகம் மலர்ந்துவிட்டது. "டீக் ஹோ கயா பாபி! இப்போ யாரு வாசிச்சாலும் இதே மாதிரி வரும்!"

அவன் நல்லதாகத்தான் சொன்னான். பானு காதில் அதில் ரெண்டு சொல் மட்டும் நின்றது. யார் வாசித்தாலும். அன்றைக்கு முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள். படியில் உட்கார்ந்து, நெட்டையனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, போதும் போதும் என்கிற வரைக்கும் அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

தூக்கும்போது லேசாகத் தூறியது. பொன்னுத்துரை கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார். நெட்டையன் ஒயரோடு வாசலிலேயே நிற்க, தபன் வாசிக்க ஆரம்பித்தான். தெருமுனை வந்ததும் பெண்கள் நின்றார்கள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை.

பானு நிற்கவில்லை.

"அண்ணி!"

"தூரத்துலேருந்து கேட்டா எப்பிடி இருக்குன்னு பாக்கணும்."

ஆண்களில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பொன்னுத்துரை திரும்பிப் பார்த்தார். "நடங்கப்பா, மழ வருது," என்றார்.

பாடைக்குப் பின்னால், ஒரு காதை வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டே பானு நடந்தாள். மெயின் ரோட்டில் ஏறியதும் எதிரே டவுனுக்குப் போகிற பஸ் வந்து ஓரமாக நின்றது. அதன் இரைச்சலில் நெட்டையன் சத்தம் அமுங்கிப்போனது. அவள் நடு ரோட்டில் நின்று, முன்பின் தெரியாத அந்த டிரைவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் என்ஜினை அணைத்தார்.