கோடு விழாத வாக்கியம்

கணவனுக்கு வேலை வீட்டு முன்னறையில், ஜன்னலோர மேசையில். ஒரு கால்நடை ஆஸ்பத்திரிக்கு அவன் எழுதிக்கொடுத்த மென்பொருளில், டைப் செய்கிற கட்டங்களில் எல்லாம் எழுத்துப்பிழை பார்க்கும் வசதியைச் சேர்த்துக்கொண்டிருந்தான். தப்பான வார்த்தைக்கு அடியில் சிவப்பு அலைக்கோடு ஓடும். அதன்மேல் வலது கிளிக் செய்தால் சரியான வார்த்தைகள் வரிசையாக எட்டிப்பார்க்கும். கேட்பதற்கு அவ்வளவுதான். இதற்காக அவன் சரியாகச் சாப்பிட்டே பல நாளாகிறது.

மனைவிக்கு வேலை, விழுந்தவர்களை எழுந்து நடக்கவைப்பது. பிசியோதெரபிஸ்ட். ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போனால் வருகிற மலையடிவாரத்து ஊரில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. படித்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்ட வேலை. போவது என்று முடிவே செய்துவிட்டாள், அவனிடமும் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: ஒருவர் தங்கும் அறை வேண்டுமா, இருவர் தங்கும் வீடு வேண்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

சாப்பிடும்போது அவனைக் கேட்டாள். "ம்" என்றான். அறைக்கு ம்மா, வீட்டுக்கு ம்மா? மறுபடி கேட்டாள். "உனக்கு எது சரின்னு படுதோ அதையே சொல்லிடு" என்றான், ஏதோ திரைச்சீலைக்கு நிறம் கேட்டதுபோல. தட்டில் இருந்த அவன் கண் திரைக்குத் தாவிவிட்டது. கையைப் பிடித்து 'நீயும் வா' என்று இழுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வருகிறவன் தானாக வரவேண்டும். பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான், அவள் அப்படித்தான்.

அந்த வாரம் வியாழன்வரை அவளுக்குக் காலை வேலை மட்டும்தான். திங்கட்கிழமை மத்தியானம் அவனே கூப்பிட்டான். "கொஞ்சம் வந்து டைப் பண்ணிக் குடேன். என் கைக்கு எல்லாம் பழகிப்போச்சு, புதுசா ஒரு கை வேணும்."

"என்ன டைப் பண்றது?"

"எதையாவது. மனசுல வர்றதை."

மனசில் வருவதையா? சரி, கேட்டுக்கொண்டது அவன்தான்.

அந்த வாரத்து மத்தியானங்கள் எல்லாம் ஒரே நீண்ட மத்தியானமாக அவளுக்குத் தோன்றின. வெளியே வெயில் இருந்தும் இல்லாமலும் இருந்தது. மின்விசிறி சுற்றும் சத்தத்தில் கண் பாதி சொருகிக்கொண்டது. முதலில் விளையாட்டாக, தெருவில் திரிகிற நாய்பூனைகளுக்குப் பேர் வைத்து அடித்தாள். பேர் எதுவும் அகராதியில் இல்லாததால் கட்டம் முழுக்கச் சிவந்துபோனது. அவன் தலையைச் சொறிந்துகொண்டே, பேர் எழுதும் கட்டத்தை மட்டும் பிழை பார்ப்பதிலிருந்து விலக்கிவைத்தான். பிறகு விரல்கள் தன்பாட்டில் போக ஆரம்பித்தன. பார்த்தேயிராத அந்த வீட்டுக்குள் அவள் போய்வந்தாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை. மலையிலிருந்து இறங்கிவந்த மேகம் துவைத்துப் போட்ட துணிக்கு நடுவே நின்றுகொண்டிருக்கிறது. உள்ளறையில் யாரோ தட்டச்சு செய்கிற சத்தம். யாரோ என்ன யாரோ, அவன்தான். சில நேரம் அந்தச் சத்தம் நின்றுபோய், வீடு சுருங்கி ஒரே கட்டில் போட்ட அறையாகிவிடும். அங்கேயும் மலை தெரியும், ஆனால் பார் என்று காட்ட ஆள் இருக்காது. எல்லாவற்றையும் அவள் எழுதினாள்.

அவன் பின்னால் நின்று கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தான், கோடுகளை. வார்த்தை முடியுமுன்னே கோடு விழுந்தால் சலித்துக்கொண்டான், முடிந்து ஒரு மூச்சு விட்டபிறகு விழுந்தால் சிரித்தான். ஒரு தடவை அவள் வேண்டுமென்றே 'தனியாக' என்பதைத் தப்பாக அடித்தாள். குனிந்து வந்து, ஒரே கிளிக்கில் அதைத் திருத்திவிட்டு, "அட்டகாசம்" என்றான். அவளுக்கு மேசையோடு சேர்த்து அவனையும் கவிழ்த்துவிடலாம்போல் இருந்தது.

வியாழக்கிழமை அவள் சுற்றிவளைக்கவில்லை. 'ஒருவர் தங்கும் அறையா, இருவர் தங்கும் வீடா என்று கேட்கிறார்கள். எனக்கு வீடுதான் ஆசை. ஆனால் நீயாகச் சொல்ல வேண்டும். என்ன பதில் எழுதட்டும்?'

அவன் குனிந்து பார்த்தான்.

"பாத்தியா, இவ்வளவு எழுதியும் ஒரு கோடுகூட இல்ல. இதையே படம் எடுத்து கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு அனுப்பிடறேன்."

அந்த வாக்கியங்களில் தப்பு ஏதும் இல்லை. அதனால்தான் அவை அவன் கண்ணில் படவில்லை. அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் பதிலை அனுப்பிவிட்டு வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது, கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா போனில் இருந்தார். அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"தம்பி, படம் பாத்தேன், நல்லா வந்திருக்கு. ஆமா, நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"எதுக்கு மேடம்?"

"அதுல கேட்டிருக்கே, அறையா வீடான்னு. வீடுதான் ஆசைன்னு வேற எழுதியிருக்கு. எங்க கம்பவுண்டர்கூட படிச்சிட்டு, யாரு பாவம் இதுன்னு கேட்டார்."

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரில் உள்ளவர்களெல்லாம் படித்தாயிற்று, வீட்டில் இருக்கிறவன்தான் பாக்கி. அவன் போனை வைத்துவிட்டு, சேமித்துவைத்திருந்த அவளுடைய சோதனை வரிகளைத் திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தான். உதடு அசைய, மெதுவாகப் படித்தான். ஜன்னலில் வெளிச்சம் போகும்வரை படித்தான். அவள் கதவோரமே நின்றாள்.

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். 'ம்'னு சொன்னே."

அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "அவங்களுக்கு என்ன எழுதினே?"

"ஒருத்தருக்கு அறைன்னு."

"மாத்த முடியாதா?"

"மத்தியானமே கேட்டுப் பாத்தேன். வீட்டை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க."

மத்தியானம் தானே போன் செய்து கேட்டதை அவனிடம் சொல்லும் எண்ணமே அவளுக்கு இல்லை, வாய் முந்திக்கொண்டுவிட்டது. ஜெயித்துவிட்டதாகவும் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது.

அவன் திரையை அணைத்துவிட்டுக் கேட்டான். "அந்த அறையில, கட்டில் போட்டது போக, தரையில ஒரு ஆள் படுக்க இடம் இருக்குமா?"

அவள் அதை யோசித்ததேயில்லை.

"தெரியல" என்றாள். "வந்து பாரு."