பூசையில் வைத்த போன்

கட்டுக்கலை ராஜலிங்கம் முதலாளிக்குக் கொம்பியூட்டர் என்றால் பயம் கிடையாது, சந்தேகம்தான். கண்டியைச் சுற்றியுள்ள பார்மசிகளுக்கு மருந்து அனுப்புகிற மொத்த வியாபாரம் அவருடையது. ஓடர் எடுப்பதும், இருப்புப் பார்ப்பதும், எந்த லொறியில் எந்தப் பெட்டி ஏற வேண்டும் என்று சொல்வதும் மேல்மாடிக் கண்ணாடி அறைக்குள் இருக்கிற சேர்வர்தான். ஆனால் வருடத்தில் ஒரு நாள், ஆயுத பூசையன்று, அதை அணைத்துவிடுவார். முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சின்னதாக ஒரு மாலையும் போட்டு ஓய்வு கொடுப்பார். மறுநாள் விஜயதசமிப் பூசை முடிகிற வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது.

அந்த ஒரு நாள் ஓடர்களைக் கையால் எழுதி லொறி அனுப்புவார்கள். அக்குறணைக்குப் போக வேண்டியது மடவளைக்குப் போய்ச் சேரும். இருமல் மருந்து கேட்டவர் கடையில் குழந்தைப் பவுடர் இறங்கும். அதையெல்லாம் திருத்தி முடிக்க ஒரு வாரம் பிடிக்கும். சாமி குத்தம் வராமல் இருந்தால் சரி என்று முதலாளி தன்னைத்தானே தேற்றிக்கொள்வார்.

சுபாஜினி குண்டசாலைக்காரி. கொழும்பில் பெரிய கம்பெனியொன்றில் வேலை பார்த்துவிட்டு, இந்த வேலையைக் கண்டியிலிருந்தே ஒழுங்காகச் செய்ய முடியாதா என்ற வீம்பில் திரும்பி வந்தவள். முதலாளியின் கம்பெனியில் ஐ.டி. என்றால் அவளும் மடவளை நஸீப்பும்தான். போன வருடம் பக்கத்து வியாபாரி ஒருவரின் கணினிகளை எவனோ வெளியிலிருந்து பூட்டிவிட்டுக் காசு கேட்டான். பேக்கப் பிரதி இருக்கிறது என்று அந்த மனிதர் தைரியமாகத்தான் இருந்தார். எடுத்துப் பார்த்தால் அது திறக்கவேயில்லை. ஒருநாளும் யாரும் திறந்து பார்த்ததில்லை.

அன்றிலிருந்து சுபாஜினிக்குத் தூக்கம் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் கிளவுடில் ஒரு பிரதி வைத்தாள். அந்தப் பிரதியை எழுப்பி வேலைக்கு விட வேண்டுமானால் இரண்டு பேர் வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டாள். அவளிடம் இருக்கிற விரல் நீளச் சாவியை மடிக்கணினியில் செருக வேண்டும். முதலாளி தன் போனில் சரி என்று அழுத்த வேண்டும். ஒருத்தரை ஏமாற்றலாம், ஒரே நேரத்தில் இரண்டு பேரை ஏமாற்றுவது கஷ்டம் என்பது அவள் கணக்கு. ஆனால் அந்தப் பிரதி உண்மையாக எழுந்து நடக்குமா என்று சோதிக்க ஒரு நாள் தாருங்கள் என்று கேட்டபோதெல்லாம் முதலாளி கையை விரித்தார். "ஓடுற வண்டிய நிப்பாட்டிப் பாக்கச் சொல்றியாம்மா?" என்பார்.

இதற்கிடையில் கொழும்பு நிறுவனம் ஒன்று வந்து, எல்லாவற்றையும் நாங்களே அங்கிருந்து பார்த்துக்கொள்கிறோம் என்று பளபளப்பான ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனது. கையெழுத்தானால் சுபாஜினியும் நஸீப்பும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விஜயதசமியன்று நல்ல நேரத்தில் கையெழுத்து வைப்பதாக முதலாளி சொன்னார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எப்படியும் ஆயுத பூசையன்று சேர்வர் தூங்கப் போகிறது. அன்றைக்குப் பிரதியை எழுப்பினால் என்ன?

"சேர்வருக்கும் ஓய்வு கெடைக்கும், ஓடரும் நிக்காதுங்கய்யா," என்றாள்.

முதலாளி தாடையைத் தடவினார். "நல்லாத்தான் இருக்கு. லொறி வெளிக்கிடுறதுக்குள்ள அது எந்திரிச்சு நடந்தா, கொழும்புக் கடதாசியப் பத்தி நான் திரும்ப யோசிக்கிறேன். நடக்கலன்னா என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

பூசையன்று காலையில் சுபாஜினி சீக்கிரமே வந்து மடிக்கணினியில் சாவியைச் செருகி உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் தயாராக வைத்தாள். கீழ்த்தளத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் மேசை நிறைந்துகொண்டிருந்தது. தராசு, கல்குலேட்டர், பெட்டி ஒட்டுகிற டேப், ஓடர் எடுக்கிற சந்திரிகாவின் ஹெட்போன் எல்லாம் வந்துவிட்டன. நஸீப்பின் ஸ்குரூடிரைவரையும் முதலாளி வருடந்தோறும் கேட்டு வாங்குவார். அவனும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் பொரிகடலைக்குக் காத்திருப்பான். எல்லாவற்றுக்கும் மேலே, பேனாவோடு, அந்தக் கொழும்பு ஒப்பந்தம் இருந்தது. சுபாஜினி அதைப் பார்த்தாள். தாயே, இன்றைக்கு மட்டும் கைவிட்டுவிடாதே என்று மனசுக்குள் கும்பிட்டு, கழுத்தில் தொங்கிய சாவியைக் கழற்றிச் சரஸ்வதியின் காலடியில் வைத்தாள். காலையிலேயே உள்ளே நுழைந்தாயிற்று, இனி அது தேவைப்படாது என்று நினைத்தாள்.

ஐயர் வருவதற்குத் தாமதமாகிவிட்டது. வந்தவர் மந்திரத்தில் ஒன்றையும் குறைக்கவில்லை. கற்பூரம் காட்டி, முற்றத்தில் நின்ற லொறிகளுக்கும் பொட்டு வைத்து முடித்தபோது மத்தியானமாகிவிட்டது. சுபாஜினி மேலே ஓடி வந்து, பிரதியை எழுப்புகிற பொத்தானை அழுத்தினாள்.

திரை சாவியைக் கேட்டது.

நீண்ட நேரம் சும்மா கிடந்தால் மறுபடி கேட்க வேண்டும் என்று அமைத்தவளே அவள்தான். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நஸீப் அவள் முகத்தைப் பார்த்தான்.

"சாவி எங்க?"

"சாமிகிட்ட."

"சரி, மொதலாளிட போன் எங்க?"

இரண்டு பேரும் படியில் தடதடவென்று இறங்கி வந்தார்கள். சட்டைப் பையை விட்டு ஒருநாளும் இறங்காத போன் அது. குளிக்கும்போதுகூட சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் என்று முதலாளியின் மனைவியே சொல்வாராம். அதை நம்பித்தான் சுபாஜினி திட்டம் போட்டிருந்தாள். ஆனால் மகன் போன வாரம் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருந்தான்; சரி என்று அழுத்துகிற அனுமதியையும் சுபாஜினியே அதற்கு மாற்றியிருந்தாள். புதுச் சாமான் என்று முதலாளி ஆசையாக அதையும் மேசையில் வைத்து, மேலே நடுவில் சந்தனப் பொட்டும் இட்டிருந்தார். இரண்டு பூட்டு போட்ட கெட்டிக்காரி, இரண்டு சாவியையும் ஒரே மேசையில் பறிகொடுத்துவிட்டு நின்றாள்.

சந்திரிகா மெதுவாகச் சொன்னாள்: "நஸீப் எடுத்துக் குடுக்கட்டுமே. அவருக்கு நம்ம சாமி குத்தம் சேராதே."

"சும்மா இரிங்க சந்திரிகாக்கா," என்றான் நஸீப். "ஒங்கட சாமிக்கு முன்னுக்கு வெச்ச சாமான நான் தொட ஏலா. அது மரியாதயில்ல."

அதற்குள் அக்குறணையிலிருந்து றிஸ்வி கடைப் போனுக்கு அழைத்துவிட்டார். பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் பார்மசி வைத்திருப்பவர். இன்சுலின் முடிந்துவிட்டது, இன்றைய லொறியில் கட்டாயம் வர வேண்டும் என்றார். வெளியே சாரதி லொறியை இயக்கி வைத்துவிட்டு ஹோர்ன் அடித்துப் பார்த்தான். சுபாஜினிக்கு அழுகை முட்டியது. இத்தனை நாள் பாடுபட்டது ஒரு சந்தனப் பொட்டில் போய்விடுமோ என்று பயந்தாள். மறைத்துப் பிரயோசனம் இல்லை என்று நேரே முதலாளியிடம் போனாள்.

"ஐயா, தப்பு என்னோடது. திட்டத்துல எல்லாத்தையும் யோசிச்சேன், பூசைய யோசிக்கல. ஒங்க போனும் என் சாவியும் வேணும்."

முதலாளியின் முகம் சிவந்தது. "என்னாம்மா பேசுற? சாமிகிட்ட வச்சத நாளைக்கிக் காலையிலதானே எடுக்கணும்! எங்கப்பா காலத்துலேருந்து யாராச்சும் கை வச்சிருக்காங்களா?"

சுபாஜினி வாசலைப் பார்த்தாள். லொறியின் நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் காத்துக்கொண்டிருந்தது.

"ஐயா, லொறிக்கும் இப்பதானே பூசை செஞ்சோம்?"

"செஞ்சோம்."

"அது மட்டும் இன்னைக்கி ஓடுதே?"

"மருந்து போகணுமே. பூசைன்னு சொன்னா நோயாளி கேப்பானா? அதுக்குத்தானே எலுமிச்சங்கா..." முதலாளி பாதியில் நிறுத்தினார்.

"போனும் மருந்து ஏத்துற வண்டிதானுங்கய்யா," என்றாள் சுபாஜினி. சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதலாளி அவளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். லொறியைப் பார்த்தார். பிறகு, "சந்திரிகா, மிச்சம் இருந்தா ரெண்டு எலுமிச்சங்கா கொண்டா," என்றார்.

இன்னொரு கற்பூரம் ஏற்றினார். கண்ணை மூடி என்ன வேண்டினாரோ, உதடு மட்டும் அசைந்தது. போனையும் சாவியையும் வெற்றிலைத் தட்டில் எடுத்து வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். மாடிப்படிக்கு முன்னால் வைத்த எலுமிச்சம்பழங்களை வலது குதிகாலால் நசித்துவிட்டுத் தாண்டினார். முற்றத்தில் நின்ற சாரதி பழக்க தோஷத்தில் ஹோர்னை அழுத்திவிட்டான். நஸீப் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டான்.

மேல்மாடியில் இன்னொரு கூத்து நடந்தது. போன் முதலாளியின் முகத்தை அடையாளம் காண மறுத்தது. சந்தனப் பொட்டு கேமராவின் மேலேயே இருந்தது. வேட்டி நுனியால் துடைத்துக் காட்டியதும் திறந்தது. சுபாஜினி சாவியைச் செருகினாள். முதலாளி ஆள்காட்டி விரலை நீட்டி, மாப்பிள்ளை தாலி கட்டுகிற பக்குவத்தில், சரி என்ற இடத்தை அழுத்தினார்.

பிரதி மெதுவாகத்தான் எழுந்தது. ஒவ்வொரு பகுதியாகப் பச்சை விளக்குக் காட்டிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு இடத்தில் நின்று யோசித்தபோது முதலாளி மறுபடி கையெடுத்துக் கும்பிட்டார். அதுவும் பச்சையானது. கீழேயிருந்து சந்திரிகா கத்தினாள்:

"இருப்பு வந்திருச்சு! அக்குறணை ஓடர் போடுறேன்!"

கண்ணாடி அறைக்குள் மாலை போட்ட சேர்வர் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அது இல்லாமலே லொறிக்கான சீட்டு அச்சாகி வந்தது. இன்சுலின் பெட்டி ஐஸோடு ஏறியது. சக்கரங்கள் எலுமிச்சம்பழத்தை நசித்துக்கொண்டு மாத்தளை வீதிப் பக்கம் திரும்பின. சுபாஜினி கதிரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சந்தோசத்தில் வந்த அழுகை என்று தெரிந்ததால் நஸீப் அவள் பக்கத்தில் ஒரு பிடி பொரியை மட்டும் வைத்தான்.

பின்னேரம் இருவரும் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் எழுதினார்கள். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"யாரு தப்புன்னு எழுதியாச்சா?"

"அத எழுத மாட்டோமுங்கய்யா. அடுத்த தடவ என்ன மாத்தணும்னுதான் எழுதுவோம்."

"அப்ப என் பேரு வராது," என்று திருப்தியோடு போய்விட்டார்.

விஜயதசமிக் காலையில் மறுபூசை முடிந்து எல்லாரும் அவரவர் சாமானை எடுத்துக்கொண்டார்கள். நஸீப்பிடம் ஸ்குரூடிரைவர் திரும்பி வந்தது. முதலாளி சுபாஜினியைக் கூப்பிட்டார்.

"என் போன் ஒண்ணையே நம்பி இருக்க வேணாம்மா. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா கட அப்பிடியே நிக்கும். அந்த அனுமதிய நஸீப்புக்கும் குடுத்து வை."

அலுமாரிச் சாவியைக்கூடப் பெண்டாட்டியிடம் கொடுக்காதவர் அவர். நஸீப் ஸ்குரூடிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டே, "சரி மொதலாளி," என்றான்.

மேசையில் இப்போது ஒரே ஒரு சாமான்தான் மிச்சம் இருந்தது. சுபாஜினி கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் அதையே பார்த்தாள்.

"ஐயா... அந்த ஒப்பந்தம்?"

முதலாளி அதன் மேலிருந்த பேனாவை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

"அது சாமிகிட்டயே இருக்கட்டும்," என்றார்.