ஒரு லிட்டரின் இடத்தில்

1

எழுபத்தொரு மணி நேரம். அவ்வளவு நேரம் என் தோழி ஒரு வாக்கியத்தை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். கதை அவளுடையது, பேருந்துக்குக் காத்திருந்தபோது பாதி சொன்னாள். எழுதிக்கொள்ளட்டுமா என்றேன். "சரி" என்றாள். (எதற்கும் சரி என்பவள். நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை. காகிதத்தில்தான் எனக்கு வாய் நீளம்.)

2

குடிநீர் சோதிக்கும் ஆய்வகம். அவள் உதவியாளர். தலைமை வேதியியலாளரை எல்லோரும் 'மேடம்' என்பார்கள். மேடம் நுழைந்ததும் அறையே

(இல்லை. 'நடுங்கும்' என்று எழுத வந்தேன். யாரும் நடுங்கவில்லை. எழுந்து நிற்பார்கள், அவ்வளவுதான்.)

திங்கட்கிழமை, நைட்ரேட் அளவை ஒப்பிட்டுப் பார்க்கும் கரைசலை மேடமே கலந்தார். போன் பேசிக்கொண்டே, ஒரு லிட்டருக்கான உப்பை அரை லிட்டர் குடுவையில் கரைத்துவிட்டார். கரைசல் இருமடங்கு காட்டம். அதோடு ஒப்பிட்டதில் எல்லாக் கிணறுகளும் பாதி நைட்ரேட்டைத்தான் காட்டின. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க ஆகாத தண்ணீர்கூடத் தேறிவிட்டது. வியாழன் மாலை நாலு மணிக்கு அறிக்கைகள் போய்விடும்.

குடுவையை அவள் பார்த்தது திங்கள் மாலை ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது.

"மேடம், இந்தக் கரைசல்..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம். லேபிள் ஒட்டிடவா?"

"இதுக்கெல்லாமா கேப்பாங்க? ஒட்டு."

ஒட்டினாள்.

3

மறுநாள் அதே பேருந்து நிறுத்தத்தில், கதைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகளைக் காட்டினேன்.

அ. அவள் மேசையைத் தட்டி, "பதவி இருந்தா தப்பு சரியாயிடுமா?" என்கிறாள்.

"சரி."

ஆ. மேலிடத்துக்குப் பெயரில்லாக் கடிதம் எழுதுகிறாள்.

"இதுவும் சரி."

இ. மேடம் அழுகிறார். அவள்

"ம், சரி."

"ஏய், நெஜமாவே மேசையத் தட்டினியா நீ?"

"நான் எங்க தட்டினேன்? நீதான் எழுதிட்டியே, இருக்கட்டும் விடு."

அப்போதுதான் உறைத்தது. மேடத்தின் நாற்காலியில் நான் ஏறி உட்கார்ந்திருந்தேன். முடிவுகளை நான் கலந்து கொடுத்தேன், அவள் 'சரி' என்று லேபிள் ஒட்டினாள். அடங்கிப் போகிறவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறோம்: அடங்கிப் போவதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதில்லை.

4

பேனாவை மூடினேன். "நீயே சொல்லு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

வியாழன், நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மேடம் உறைகளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அனுப்பாதீங்க மேடம்." முதல் தடவை அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லையாம். இரண்டாம் தடவை கேட்டது.

"ஏன்?"

"கரைசல்... அரை லிட்டர் குடுவையில கலந்துட்டீங்க."

மேடம் எழுந்து போய்க் குடுவைகள் இருந்த அலமாரித் தட்டைப் பார்த்தார். திரும்பி வந்து உறைகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார். "நல்லவேளை. மூணு நாளா எங்கம்மா போச்சு வாய்?" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

அவளுக்கு மூச்சு வந்தது. எழுதும்போது எனக்கும். குழந்தைகள் தப்பித்தார்கள், கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் மேடம் இன்னொன்று கேட்டார்:

"பத்து வருஷமா அந்த இடத்துல ஒரு லிட்டர் குடுவைதான் இருக்கும். நான் பாக்காமயே எடுப்பேன். அரை லிட்டர் எப்படி அங்க வந்துச்சு?"

அவள் சொன்ன பதிலுக்கு மேடம் என்ன செய்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அது உங்கள் பாடு. அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். பதில் மட்டும் அவளுடையது, ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. பேருந்து வந்து நின்றதைக்கூடக் கவனிக்காமல், தோள் இறங்கி, ஏறக்குறைய சிரித்தபடி, சத்தமாகவே சொல்லிக் காட்டினாள்:

"ஒரு லிட்டர் குடுவைய ஒடச்சது நான்தான் மேடம். எடம் காலியா தெரியக் கூடாதுன்னு அரை லிட்டர அங்க வெச்சதும் நான்தான்."