ஆளை எடை போடமாட்டார்கள்

டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அம்மாவின் உடம்பிலிருந்து பத்து உருப்படியையும் கழற்றியாக வேண்டும். கோட்டு, குல்லா, மப்ளர், கையுறை எல்லாம் வந்துவிட்டன. இப்போது இரண்டாவது ஸ்வெட்டரில் வந்து நின்றிருந்தது. அம்மாவின் கை முரண்டு பிடிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் வந்தது. எழுபத்தொரு வயது வரைக்கும் அம்மா இப்படிச் சொன்ன பேச்சு கேட்டதே கிடையாது.

“மூச்சு இருக்கா பாரு,” என்றான் அண்ணன். தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியில் அவன் முகம் தெரிந்தது. அவன் இருக்கும் குளிர் தேசத்தில் இன்னும் விடியவில்லை. பின்னால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

“தெரியலண்ணா. டாக்டரக் கூட்டிட்டு வந்துடறேன்.”

“முதல்ல அதெல்லாம் கழட்டு. இந்தக் கோலத்துல பாத்தா என்ன நினைப்பாங்க? கழட்டினாத்தான் காத்தும் படும். அப்புறம் போ.” பிறகு, “போனை அந்தப் பக்கம் திருப்பி வை. என்னால பாக்க முடியல,” என்றான்.

அவள் திருப்பி வைத்தாள். அதற்கப்புறம் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு வீட்டில் பொடிசு என்று பெயர். நாற்பத்திரண்டு வயதாகிறது, தலையில் பாதி நரைத்துவிட்டது, ஆனாலும் பொடிசு. பதினேழு வருஷமாகக் கூரியர் ஆபீசில் பார்சல் எடை போடுகிறாள். பையைக் கையில் தூக்கிப் பார்த்தே ஐம்பது கிராம் முன்னே பின்னே சொல்லிவிடுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நம்பித்தான் அம்மாவின் பயணப் பெட்டியை அவளிடம் விட்டிருந்தார்கள்.

இரண்டு பெட்டி, ஒன்றுக்கு இருபத்து மூன்று கிலோ. அண்ணனின் பட்டியல் தவணை தவணையாக வந்தது. குழந்தைக்கு மெத்தை, அண்ணிக்குத் தைக்கக் கொடுத்த பதினோரு சட்டை, குக்கர், மிக்ஸி ஜார், அண்ணன் பள்ளிக்கூடத்தில் ஆடிய கிரிக்கெட் மட்டை. பனி கொட்டுகிற ஊரில் மட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் போக அம்மாவுக்கென்று மிஞ்சியது எண்ணூறு கிராம். அம்மாவின் கம்பளித் துணிகள் மட்டுமே நாலு கிலோ அறுநூறு.

“மட்டைய எடுத்துடட்டுமாண்ணா?” என்று முந்தாநாள் கேட்டுப் பார்த்தாள்.

“வேற வழி யோசி. உனக்குத் தெரியாததா?”

அவளுக்குத் தெரியாததா? பெட்டியை எடை போடுவார்கள், கைப்பையை எடை போடுவார்கள், ஆளை எடை போடமாட்டார்கள். இருக்கிற துணியை எல்லாம் அம்மாவின் மேல் மாட்டி அனுப்பிவிட்டால் தீர்ந்தது. சொன்னதும் அண்ணன் சிரித்துவிட்டான். “மூளைடி உனக்கு,” என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து வருஷக்கணக்காயிற்று. அன்றைக்கெல்லாம் பார்சல் ஒட்டும்போதும் அவளுக்கு அந்த நினைப்பாகவே இருந்தது.

அம்மா போகவேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசை அண்ணனுக்குக்கூட இருந்திருக்காது. அன்பு இல்லாமல் இல்லை. அப்பா போனதிலிருந்து பதினோரு வருஷம், அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்ததும் கால் பிடித்துவிட்டதும் அவள்தான். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா போவது ஆறு மாதம். ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். ஏன் லேட்டு, போனில் யாரு, விளக்கை ஏன் அணைக்கிறே என்று ஒரு கேள்வி இராது. பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட அவள் தனியாக ஒரு வீட்டில் தூங்கியதில்லை. நாட்காட்டியில் கோடு போடவில்லையே தவிர, மனசுக்குள் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். இன்னும் ஒரு கோடுதான் பாக்கி. நாளைச் சாயங்காலம் விமானம்.

இன்றைக்கு அண்ணன் ஒத்திகை பார்க்கவேண்டும் என்றான். பத்தையும் போட்டுக்கொண்டு அம்மா நடக்கிறாளா, தடுக்கி விழுகிறாளா என்று அவன் கண்ணால் பார்க்கவேண்டுமாம். அவளும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். ஜன்னல் திறந்திருந்தால் எதிர் வீட்டு டீச்சர் பார்த்துச் சிரிப்பாள் என்று சாத்தினார்கள். மின்விசிறி கரகரவென்று கத்துகிறது, ஒன்றும் கேட்கவில்லை என்று அண்ணன் சொன்னான். அதையும் நிறுத்தினார்கள். வெளியே தார் ரோடு இளகுகிற வெயில்.

“நான் உன் அண்ணன் வீட்டுக்குப் போறேனா, நிலாவுக்குப் போறேனா?” என்றாள் அம்மா, கோட்டுக்குள்ளிருந்து.

“பேசாம நில்லும்மா. பட்டன் போடணும்.”

“இதோட பாத்ரூம் எப்படிடி போறது?”

“போகாத.”

அம்மா சிரித்தாள். பொடிசுவும் சிரித்தாள். கோட்டின் மேல் பட்டன் கழுத்தை இறுக்கியது. இழுத்துப் பிடித்து மாட்டிவிட்டாள்.

“நடக்கச் சொல்லு,” என்றான் அண்ணன். “ஏர்போர்ட்ல கொஞ்சநஞ்ச தூரமில்ல. பத்து ரவுண்டு வரட்டும், பாப்போம்.”

அம்மா ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். மூன்றாவது சுற்று வரைக்கும் பிள்ளையைப் பார்த்துக் கையசைத்தாள். ஐந்தாவதில் குல்லாவுக்குக் கீழே வியர்வை மூக்கு நுனி வரை வந்து சொட்டியது. ஆறாவதில் மகளின் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, “போதும்டி. என்னமோ பண்ணுது,” என்றாள்.

“இன்னும் நாலுதாம்மா. அண்ணன் பாக்கறான்ல.”

அம்மா அவள் முகத்தை ஒரு முறை பார்த்தாள். திரும்பி நடந்தாள். எட்டாவது சுற்றில் பெட்டியின் மேல் உட்காரப் போனவள் போலச் சாய்ந்தாள், உட்காரவில்லை.

கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த தெர்மல் உள்சட்டையை, நனைந்த துணியைப் பிழிவதுபோல உருட்டி உருட்டி எடுத்தாள். பருத்தி நைட்டியை மாட்டினாள். ஜன்னலைத் திறந்தாள், மின்விசிறியைப் போட்டாள். பிறகு, ஏன் செய்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை, பத்து உருப்படியையும் ஒவ்வொன்றாக மடித்தாள். ஸ்வெட்டரின் கைகளை உள்ளே தள்ளி, நாலாக மடித்து, அலமாரியில் அடுக்கினாள். ஆபீஸ் பழக்கம், கை பாட்டுக்குச் செய்தது. கழற்றுவதற்கு எட்டு நிமிஷம், மடிப்பதற்கு நாலு. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் எது வரைக்கும் அம்மா இருந்தாள் என்பது அவளுக்குத் தெரியாது. இனிமேல் யாரும் வந்து சொல்லவும் போவதில்லை.

தெருமுனை கிளினிக் டாக்டர் சாப்பிட்ட கையோடு வந்தார். கண்ணை விரித்துப் பார்த்தார், மார்பில் குழாயை வைத்தார், எடுத்து மடித்தார்.

“எப்போ நடந்தது?”

“இப்பத்தான் டாக்டர். உக்காந்திருந்தாங்க. அப்படியே சாஞ்சுட்டாங்க.”

“உடம்பு இப்படிக் கொதிக்குதே.”

“ரெண்டு நாளா காய்ச்சல்.”

டாக்டர் அம்மாவின் மணிக்கட்டைத் தூக்கினார். இரண்டு ஸ்வெட்டரின் எலாஸ்டிக்கும் பதிந்து சிவப்பாக இரண்டு வளையம் இருந்தது. கழுத்தில் பட்டன் அளவுக்கு ஒன்று.

“இது?”

“தெரியல டாக்டர்.”

அவர் அவளைப் பார்த்தார். மூடியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். அவருக்குச் சாயங்காலக் கிளினிக் இருந்தது. “வயசாயிடுச்சு, இதயம்தான்,” என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். காகிதத்தை வாங்கிக்கொண்டபோதுதான் பொடிசுவுக்கு அழுகை வந்தது. தப்பித்துவிட்டோம் என்ற அழுகை அது. அம்மாவுக்கான அழுகையும் அதோடு கலந்து வந்ததால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எதிர் வீட்டு டீச்சர் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “நாளைக்குப் பிள்ளை வீட்டுக்குப் போகப் போறேன், போகப் போறேன்னு வாய் ஓயாம சொன்னாங்களே. சந்தோஷத்துலயே போயிட்டாங்க போலிருக்கு,” என்றாள். பொடிசு தலையாட்டினாள். வந்தவர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சந்தோஷச் சாவு. கேட்கக் கேட்க அவளுக்கே அப்படித்தான் என்று தோன்ற ஆரம்பித்தது.

சாயங்காலம் சுடுகாட்டு வண்டி வந்தபோது கைப்பேசி அடித்தது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“நான் வரல, பொடிசு. வந்து சேரவே ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் வச்சுக்க முடியாது. நீயே முடிச்சுடு.”

“சரிண்ணா.”

“டாக்டர் எதாவது கேட்டாரா?”

“உடம்பு ஏன் சூடா இருக்குன்னாரு. காய்ச்சல்னு சொல்லிட்டேன்.”

“நல்லது.” அவன் அழுதிருக்கிறான். மூக்கை உறிஞ்சிவிட்டு, “உன் பாஸ்போர்ட் அம்மாவோடதோட சேர்த்துத்தானே எடுத்தோம்?” என்றான்.

“ஆமா. ஏன்?”

“உங்கண்ணியால இன்னும் ஒரு மாசம்தான் லீவு நீட்ட முடியும். விசாவுக்கு இங்க நான் பாத்துக்கறேன். ஆறு மாசம்தான். போட்டுக்கறதுக்கு எல்லாம் ரெடியா இருக்கு. உனக்கும் அம்மாவுக்கும் ஒரே உடம்புதானே.”

“எனக்கு வேலை இருக்குண்ணா.”

“கூரியர் ஆபீஸ்தானே.”

“நான் வரலைன்னா?”

“உன்ன நான் ஒரு வார்த்தை சொன்னேனா?” என்றான் அவன், சாந்தமாக. “பட்டன் போட்டது யாருன்னு கேட்டேனா?”

“நடக்கச் சொன்னது நீ.”

“நான் எங்கேயோ இருக்கேன், எனக்கு என்ன தெரியும்? பக்கத்துல நின்னது நீதானே. போதும்டின்னு உன்கிட்டதானே சொன்னாங்க.”

அந்த வார்த்தை அவனுக்குக் கேட்டிருக்காது என்றுதான் இவ்வளவு நேரமும் பொடிசு நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டு அவனும் சும்மா இருந்திருக்கிறான். பத்து முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லலாம். சொன்னால் அவனும் சொல்வான். இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனால், கடைசியில் யாராவது ஒருவர் அதை மூன்றாவது ஆளிடம் சொல்லும்படி ஆகும்.

“என்ன, பேசமாட்டேங்கறே?”

“ஒண்ணுமில்லண்ணா.”

“சரி, அத விடு. நடந்தது நடந்துபோச்சு. பூட்ஸ் மட்டும் இங்கதான் வாங்கணும். உன் கால் அளவு என்ன?”

“ஆறோ ஏழோ. இங்க உள்ள நம்பர்.”

“இங்க நம்பர் வேற. ஒரு பேப்பர்ல காலை வச்சுச் சுத்தி வரைஞ்சு, போட்டோ எடுத்து அனுப்பு. தள்ளுபடி இன்னிக்கோட முடியுது.”

வெளியே வண்டிக்காரர், “முகம் பாக்கறவங்க வந்து பாத்துடுங்க, மூடப் போறோம்,” என்றார். டீச்சரின் குரல் கதவுக்குப் பக்கத்தில் கேட்டது.

“பொடிசு, எங்கேம்மா இருக்கே? வா, அம்மாவப் பாத்துக்க.”

“வரேன் டீச்சர்.”

ஃப்ரிட்ஜின் மேல் மின்சார ரசீது கிடந்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தரையில் விரித்து வலது காலை வைத்தாள். குனிந்து, குதிகாலிலிருந்து ஆரம்பித்துப் பேனாவைச் சுற்றிக் கொண்டுவந்தாள். சுண்டுவிரல் பக்கம் வந்ததும் நிறுத்தி, தோளில் இடுக்கியிருந்த கைப்பேசியில் கேட்டாள்.

“ஒரு கால் போதுமாண்ணா?”

“ரெண்டும் வரைஞ்சுடு.”

வெளியே வண்டிக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. பொடிசு ரசீதைத் தள்ளி வைத்து, இடது காலை எடுத்து வைத்தாள்.