மாப்பிள்ளை பார்த்த பச்சை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். 'விழித்திரையில் நிறமறியும் கூம்பணுக்கள் மூன்று வகைப்படும்' என்று ஆரம்பித்தேன். எதிர்வீட்டு ஆர்த்தி அதைப் படித்துவிட்டு, தன் வீட்டுக்காரருக்கு அதில் ஒரு வகை சரியாக வேலை செய்யாது, அதை எழுதுங்களேன் என்றாள். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

அன்று சிவகாசியின் வானம் வண்ணங்களால்...

(வேண்டாம். சிவகாசிக்காரர்கள் சிரிப்பார்கள். தீபாவளி சீசனில் அங்கே வானம் பார்க்க யாருக்கு நேரம்?)

ஹரிஷ்குமாருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும். காசிராஜனின் மகள் ஆர்த்தியைக் கட்டும்போது இதை அவன் சொல்லவில்லை.

இது இருக்கட்டும்.

3

2006. காசிராஜனுக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி. ஹரிஷ்குமார் விருதுநகரில் எண்ணெய் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கல்யாணமான கையோடு மாமனாரின் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தான்.

பள்ளிக்கூடத்தில் மரத்தின் இலைகளுக்குச் செங்கல் நிறம் பூசி, வகுப்பே சிரித்த நாளிலிருந்து தன் கண்ணை அவனுக்குத் தெரியும். பிறகெல்லாம் தந்திரம்தான். சிக்னலில் மேலே எரிந்தால் நிற்க வேண்டும், கீழே எரிந்தால் போகலாம். தக்காளியை அமுக்கி அமுக்கிப் பார்த்து வாங்குவான். குடும்ப அக்கறை என்று ஆர்த்தி பூரித்துப் போனாள்.

[செத்த கட்டுரையிலிருந்து ஒரு துண்டு: மூன்று வகைக் கூம்பணுக்களும் அனுப்பும் சேதிகளை ஒப்பிட்டுத்தான் மூளை நிறம் என்ற ஒன்றைச் செய்துகொள்கிறது. இரண்டு வகைகள் ஏறக்குறைய ஒரே சேதியை அனுப்பினால், பழமும் காயும் ஒரே கூடைக்குப் போய்விடும். இது பெரும்பாலும் ஆண்களுக்குத் தாய்வழி வருவது. அவன் அம்மா பாலம்மாளுக்கு எல்லா நிறமும் தெரியும். கொடுத்தது மட்டும் அவர்.]

4

வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்க வந்தவர் முன்னால் ஹரிஷ்குமார் ஒரு மத்தாப்பைக் கொளுத்திப் பிடித்து, அசல் பச்சை என்றான். எரிந்தது சிவப்பு. வந்தவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். காசிராஜனும் சிரித்தார். சாப்பாடு கொண்டு வந்திருந்த ஆர்த்தி சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கட்டிலில் இரண்டு ரவிக்கைகளைப் போட்டு, பச்சையை எடுத்துத் தரச் சொன்னாள். அவன் இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

"கண்ணு கெடந்துட்டுப் போகுது. எங்கிட்ட ஏன் மறைச்சீக?" என்றாள்.

சில நாள் பேச்சில்லை.

(இந்த இடத்தில் ஆர்த்தியை நான் சந்தேகித்தேன். அவ்வளவு கோபம் வருமா? வந்தது என்றாள். அப்படியே வைத்துவிட்டேன்.)

5

சீசன் தொடங்கியதும் பட்டாசு மருந்து ரூமின் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுக்கக் காசிராஜன் முடிவு செய்தார். அங்கே ஒன்றோடொன்று சேரவே கூடாத மருந்துகள் இருந்தன. டிரம்கள் எல்லாம் ஒரே அச்சு. ஒன்றின் மூடியில் சிவப்புப் பெயிண்ட், மற்றதில் பச்சை. அடையாளம் அவ்வளவுதான்.

முடிவு அ: ஹரிஷ்குமார் சாவியை வாங்கிக்கொண்டான். மறுநாள் காலை போர்மேன் பெத்தணன் அந்த டிரம்மைத் திறந்து

(நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கத்தில் இந்த வாக்கியத்தை நான் முடிக்க வேண்டியதில்லை.)

நடந்தது வேறு. பெத்தணனும் ஆர்த்தியும் நிற்கும்போதே, நீட்டிய சாவியை ஹரிஷ்குமார் வாங்கவில்லை.

"மாமா, எனக்குச் செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. வேற ஆள்ட்ட குடுங்க."

காசிராஜன் மகளைப் பார்த்தார். உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். கல்யாணத்துக்கு முன்னமே தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விருதுநகருக்குச் சம்பந்தி வீட்டில் சண்டை போடப் போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு டிரம்மிலும் மருந்தின் பெயரைப் பெரிய கறுப்பு எழுத்தில் எழுத வைத்தார். பிறகு மாப்பிள்ளையை வாசலில் நிறுத்தி, "எழுத்துத் தெரியும்ல மாப்ள? வாசிங்க" என்றார்.

அவன் வாசித்தான். சாவி பெத்தணனிடம் போனது. ஆர்டர் பிடிக்கும் வேலை மாப்பிள்ளையிடமே இருந்தது. ஆர்த்தி பழையபடி பேச ஆரம்பித்தாள்.

6

அந்தத் தீபாவளிக்கு மாடியில் நின்று வாணவேடிக்கை பார்த்தபோது அவள் கேட்டிருக்கிறாள்: "இப்ப மேல என்ன தெரியுது உங்களுக்கு?"

அவன் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னானாம். என்ன பதில் என்று கேட்டேன். ஆர்த்தி சிரித்தாள், சொல்லவில்லை. நானே ஒன்று எழுதிப் பார்த்தேன். அது என் கண்ணாக இருந்தது. அடித்துவிட்டேன்.

இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள்:

"..............."

நிறத்தின் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.